அறுபதில் ஒரு பங்கு

காலியாக இருந்த தராசுத் தட்டு மெல்லத் தாழ்ந்தது, பிறகு எழுந்தது. கம்பவுண்டர் செல்லப்பா இன்னும் மருந்துக் குப்பியையே திறக்கவில்லை.

சீசன் முடிந்து குற்றாலத்து லாட்ஜுகள் பூட்டிக் கிடந்தன. தெருவில் ஈ காக்கை இல்லை. பிந்தி வந்த சாரல் ஓட்டின் மேல் நசநசவென்று பெய்துகொண்டிருக்க, நனைந்த சுவரின் பூஞ்சை வாடையும் டிங்சர் நெடியும் கலந்து, பட்டப்பகலிலேயே மருந்தறை இருண்டு கிடந்தது. டாக்டர் மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டுத் தென்காசிக்குப் போய்விட்டார். பின்கட்டில் மனைவி குழல்வாய்மொழி காலையிலிருந்து மூச்சுத் திணறிக் கிடந்தாள். பிள்ளை குட்டி இல்லாத மனிதனுக்கு உலகத்தில் அவள் ஒருத்திதான்.

எட்டிக்கொட்டைச் சத்து. அளவாகப் போனால் மூச்சைத் தூக்கிவிடும். கூடிப்போனால் ஆளையே முறுக்கிப் போட்டுவிடும். அவளுக்கு வேண்டியது ஒரு கிரெய்னில், அதாவது ஒரு கோதுமை மணி எடையில், அறுபதில் ஒரு பங்கு. அத்தனை பொடிசை எந்தத் தராசு பிடிக்கும்? ஒரு கிரெய்ன் சத்தை நிறுத்து, ஐம்பத்தொன்பது கிரெய்ன் பால்சர்க்கரையைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்த்துக் கல்வத்தில் அரைத்து, அந்தக் கலவையில் ஒரு கிரெய்ன் எடுக்க வேண்டும். நிறுக்கும்போது மூச்சுக்கூட விடக்கூடாது.

ஜன்னலைச் சாத்தினான். தெருக்கதவின் இடுக்கில் துணியைத் திணித்தான். மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தான்.

தட்டு தாழ்ந்தது. எழுந்தது. மறுபடி தாழ்ந்தது, எதிரே யாரோ குனிந்து நின்று மூச்சு விடுவதைப் போல. அவன் ஓரடி பின்வாங்கினான்.

"ஏங்க, இன்னும் நிறுக்கலியா?" அவள் குரல்தான்.

"பொறுட்டி, இந்தா வாரேன்."

குரலைக் கேட்டதும் போன தெம்பு திரும்பி வந்தது. தட்டும் ஆடாமல் நின்றது. அப்பாடா என்று சத்தை நிறுத்தான், அரைத்தான், கலவையை நிறுத்தான். ஒரு தூசி கூடவில்லை, குறையவில்லை. காகிதத்தில் மடித்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

தலையைத் தாங்கி வாயைத் திறக்கப் பார்த்தான். தாடை அசையவில்லை. கழுத்து சில்லிட்டிருந்தது. அவள் விரல்கள் விறைத்திருந்தன.

இப்போது போன உயிர் இல்லை. எப்போதோ போயிருக்கிறது.

அப்படியானால் பேசியது?

மருந்தறையில் தட்டு பலகையில் இடித்தது.

"இங்கனதான் இருக்கேன்." அதே குரல். "மூச்சு முட்டுது. குடுங்க."

திரும்பினான். உள்கதவு வழியே தெரிந்த மேசையில் காலித் தட்டு பலகையோடு அழுந்திக் கிடந்தது. மேலே தராசின் பித்தளைக் கோல், மெல்ல மெல்ல வளைந்துகொண்டிருந்தது.