அறிவிக்க ஒன்றுமில்லை

உப்பளத்துக்குப் போகும் சாலையிலிருந்த அந்தத் தனியார் மருத்துவமனையின் ரேடியம் அறையில் ஒரு நிகழ்ச்சிப் புத்தகம் இருந்தது. தினமும் மாலையில் அதில் ஒரு வரி எழுதிக் கையொப்பமிட வேண்டும். என்ன எழுதவேண்டும் என்பதை யாரும் யாருக்கும் வாய்திறந்து சொன்னதில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ரியேன் அ சிஞ்ஞாலே. அறிவிக்க ஒன்றுமில்லை என்று பொருள்படும் மூன்று பிரெஞ்சுச் சொற்கள். நோயாளி மயங்கி விழுந்த நாளிலும், பெட்டியின் பூட்டு இரண்டு மணிநேரம் திறந்தே கிடந்த நாளிலும் அதே வரிதான். 1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சி போய் இந்திய ஆட்சி வந்தது, கொடி மாறியது, கையெழுத்துகளும் மாறின. வரி மட்டும் மாறவில்லை.

1958 ஜூலையில் சென்னையில் பயிற்சி முடித்துவிட்டு அங்கே செவிலியாகச் சேர்ந்த அமிர்தவல்லி, முதல்நாள் மாலை அந்தப் புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினாள்.

"ஒன்பது வருஷமா ஒண்ணுமே நடக்கலையா முசே?"

அறைக்குப் பொறுப்பாயிருந்த, ஐயா என்ற பொருளில் எல்லாரும் 'முசே' என்றழைத்த பிரான்சுவா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சிரித்தார். அறுபதை நெருங்கிய மனிதர். வெள்ளைக் கோட்டின் மேல்பொத்தானை எந்தப் புழுக்கத்திலும் கழற்றாதவர்.

"நடக்காம இருக்குமாம்மா? அதையெல்லாம் எழுதிவெச்சா ரேடியம் வார்டையே மூடிடுவாங்க. அப்புறம் இந்த ஊர்ப் பொம்பளைங்க மெட்ராஸுக்கு ரயிலேறியே செத்துப்போவாங்க. பேனாவப் புடி. உனக்குத்தான் பிரெஞ்சு தெரியாதே, மேல இருக்கறதப் பாத்து வரஞ்சிடு."

அவள் வரைந்தாள்.

அறையின் நடுவே ஈயப் பெட்டி. அதனுள் இருபது குழிகளில் இருபது பிளாட்டின ஊசிகள். விரற்கடை நீளம்கூட இராது. ஒவ்வொன்றின் வயிற்றிலும் உப்புத்தூள்போல் ரேடியம், தலையில் நூல் கோக்க ஒரு காது. கருப்பைப் புற்றில் அவற்றைச் செருகி, நாட்கணக்கில் விட்டுவைத்து, பிறகு எடுத்துப் பெட்டிக்குள் சேர்ப்பார்கள். அறையின் மேற்குச் சுவரில், வார்டு ஆயாக்கள் உள்ளே வராமலே சாமான்களை வாங்கவும் கொடுக்கவும் ஒரு சிறு சன்னல். அதன் மரக்கதவு உட்பக்கம் தாழிடப்பட்டிருந்தது.

பகல் பன்னிரண்டுக்கு அந்த ஊர் கதவடைத்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் பழக்கிவிட்டுப் போன பகல் தூக்கம். மூன்று மணிவரை தெருவில் நாயும் நடமாடாது. மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் வெயில் மட்டும் தூண்களுக்கிடையே படுத்துக்கிடக்கும்.

நான்காம் நாள் அந்த நேரத்தில் அமிர்தவல்லி தனியாக உட்கார்ந்து கட்டுத்துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தாழ்வாரத்தில் ஒரு வாளியைத் தரையில் வைக்கும் ஓசை. பினாயில் நெடி. அதற்கு அடியில் வேறொரு நெடி: எரியாத நெருப்பில் தீய்ந்த தோலின் மக்கிய வாடை.

சன்னல் கதவில் தட்டும் சத்தம்.

நகம் படாத தட்டல். பஞ்சு சுற்றிய விரலால் தட்டுவதுபோல.

"வாங்கிக்குங்க முசே."

பெண்குரல். கெஞ்சவுமில்லை, அதட்டவுமில்லை, வேலை முடிந்தவர்கள் சாவியை ஒப்படைக்கும் தொனி. அமிர்தவல்லி தாழை விலக்கிக் கதவைத் திறந்தாள்.

தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை யாருமில்லை.

வாளியும் இல்லை.

மாலையில் பிரான்சுவாவிடம் சொன்னாள். அவர் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடி கையிலேயே நின்றது. "பன்னெண்டுலேருந்து மூணு அந்தச் சன்னல்கிட்ட உனக்கு என்ன வேல? வீட்டுக்குப் போயி சாப்ட்டுத் தூங்கு" என்றார். பிறகு புத்தகத்தை அவள்பக்கம் நகர்த்தினார். அவள் வரைந்தாள்.

கதிர்வீச்சு எவ்வளவு படுகிறது என்று அறிய, கறுப்புத்தாளில் சுற்றிய சிறு பிலிம் வில்லைகள் பம்பாயிலிருந்து மாதாமாதம் வந்தன. ஊழியர்கள் மார்பில் குத்திக்கொள்வார்கள். உபரியானது ஒன்று சன்னலருகே ஆணியில் தொங்கியது. பெட்டியில் கசிவு இருக்குமோ என்ற ஐயம் அமிர்தவல்லிக்கு. அந்த உபரி வில்லையை எக்ஸ்ரே இருட்டறைக்கு எடுத்துப்போய்த் தானே கழுவினாள். சீராகக் கறுத்திருந்தால் கசிவு. வெறுமையாயிருந்தால் நிம்மதி.

சிவப்பு விளக்கின்கீழ், மருந்துநீரில் உருவம் மெல்ல எழுந்தது.

கட்டைவிரல். ஆள்காட்டி விரல்.

எலும்புகள் மட்டும். இரண்டின் நுனிக்கணுக்களும் அரித்துத் தின்னப்பட்டிருந்தன.

அவற்றுக்கிடையே, நீட்டிப் பிடித்தாற்போல், ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. கோட்டின் தலையில் ஒரு காது.

மறுநாள் காலை வார்டு ஆயா தனக்கொடி தரை துடைத்துவிட்டு எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். வீராம்பட்டினத்துப் பெண், இருபத்திரண்டு வயது. ஆளில்லாத அறையிலும் பேசிக்கொண்டே இருப்பவள். அன்று அவள் பேசவில்லை. அமிர்தவல்லி திரையை இழுத்துவிட்டு அவள் சேலைக்கொசுவத்தை விலக்கிப் பார்த்தாள். வலது இடுப்பில் உள்ளங்கையகலம் புண். நடுவே கறுத்து, ஓரம் செவ்வூதாவாய். சுற்றிலும் காவிக் கோடுகள்.

"இது என்னடி கோலம்?"

"அக்கின்னாங்க நர்சம்மா. காவியால சிங்கம் எழுதுனாங்க. சிங்கம் அழிஞ்சுபோச்சு, அக்கி அழியல. பெரிய டாக்டரு சக்கரப் புண்ணுங்கறாரு. நான் சக்கரயக் கண்ணால பாத்தே வருஷமாச்சு!" சிரிக்க முயன்று பல்லைக் கடித்தாள். "அம்மாவுக்கும் இதே எடந்தான். அப்புறம் வெரலு ரெண்டும் வெந்தாப்புல ஆயி, எலும்பு தெரிஞ்சுது. ஆறே மாசம்."

"உங்கம்மா யாரு?"

"இங்கதான் இருந்துச்சு. வீராயி. கட்டுத்துணி அலசுற வேல. அது போனப்புறந்தான் எனக்கு இந்த வேல குடுத்தாங்க."

அமிர்தவல்லியின் பார்வை புண்ணின்மேல் அழுந்திக்கிடந்த சுருக்குப்பையில் நின்றது. "இதுல என்ன?"

"வெத்தல பாக்கு. அம்மாவோட பை." தனக்கொடி தயங்கினாள். "அப்புறம் ஒரு ஊசி. ஆஸ்பத்திரி சாமான். அம்மா சாகறப்ப சொல்லிட்டுப் போச்சு: பத்திரமா வெச்சிரு, என்னிக்காவது கேப்பாங்க, தொலச்சிட்டா நம்மளத்தான் திருடிம்பாங்கன்னு. இவ்ளோ நாளா பரண்ல பானைக்குள்ள இருந்துச்சு; ரெண்டு மாசம் முன்ன வீட்டுல களவு போனதுலேருந்து எறக்கியே வெக்கிறதில்ல."

நீண்ட இடுக்கியால் அமிர்தவல்லி அதை எடுத்தாள். பிலிமில் கண்ட அதே காது அதன் தலையில் இருந்தது.

ஊசியைக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டபோது பிரான்சுவா மறுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, வாழ்நாளில் முதன்முறையாக மேல்பொத்தானைக் கழற்றினார்.

"அம்பத்துநாலு நவம்பர்ல, ஆட்சி மாறின சமயம், ஊசி ஒண்ணு தொலஞ்சுபோச்சு. புது ஆளுங்களுக்குச் சாமான் பட்டியல் குடுக்கணும். இருபதுன்னு எழுதணும். தட்டான்கிட்டச் சொல்லி வெள்ளியில ஒண்ணு செஞ்சு இருபதாவது குழியில போட்டேன். காலையில கையெழுத்தாச்சு, எண்ணிப் பாத்துப் பெட்டிக்கு முத்திரையும் வெச்சுட்டாங்க. மத்தியானம் வீராயி வந்து அந்தச் சன்னலத் தட்டறா. கட்டுத்துணியில இருந்துச்சு, வாங்கிக்குங்க முசேங்கறா." அவர் குரல் இறங்கியது. "வாங்கினா இருபத்தொண்ணு ஆவுமேம்மா, முத்திரைய ஒடைக்காம வெள்ளிய எடுக்கவும் முடியாது! பட்டியல் என்னாவறது? எங்களுது இல்ல, எடுத்துட்டுப் போன்னேன். மறுநாளும் வந்தா. அதுக்கு அடுத்த நாளும். கடைசில சன்னலத் தாப்பா போட்டுட்டேன்."

"செத்தப்புறமும் வராங்க."

"தெரியும்" என்றார் பிரான்சுவா. "மூணு வருஷமா எனக்கு மத்தியானத் தூக்கம் கெடையாது."

பிறகு அவர் எழுந்து, வெள்ளி ஊசியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இருபதாம் குழியில் உண்மையான ஊசியை இட்டார். பெட்டியின் மூடி கனத்த ஒலியோடு இறங்கியது. "முடிஞ்சுது. சாமான் வந்துடுச்சு, அவளும் போயிடுவா. எழுத ஒண்ணுமில்ல."

அமிர்தவல்லிக்கும் அது நியாயமாகவே பட்டது. அன்று மாலையும் அந்த மூன்று சொற்களை எழுதினாள். இப்போது மேலே பார்க்கவேண்டியிருக்கவில்லை, கைக்குப் பழகிவிட்டிருந்தது.

அடுத்த நாள் பன்னிரண்டு மணி.

வாளி வைக்கும் ஓசை.

நெடி.

சன்னலில் அந்த மெத்தென்ற தட்டல்.

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திய உள்ளங்கைக்கு உட்பக்கமிருந்து, மிக அருகே கேட்டது. இம்முறை சொல் வேறு.

"எழுதிக்குங்க."

ஒரு வாரத்தில் தனக்கொடியை வார்டிலேயே படுக்கவைக்க நேர்ந்தது. ஆள்காட்டி விரலின் நுனி வெளிறி, பிறகு சிவந்து, உரிந்தது. பெரிய டாக்டர் இன்சுலின் போட்டார். அதில் அவள் இரண்டுமுறை நினைவிழந்தாள். சென்னையில் இத்தகைய புண்ணை அறுத்துத் தோல் வைத்துக் குணப்படுத்தும் மருத்துவர்கள் இருந்தார்கள். ஆனால் ரேடியம் பட்ட புண் என்று யாராவது எழுதிக் கொடுக்கவேண்டும். எங்கே பட்டது, எப்போது பட்டது என்று கேட்பார்கள். புத்தகத்தைக் கேட்பார்கள்.

புத்தகத்தில் ஒன்றுமே நடந்திருக்கவில்லை.

"அம்மா வந்துட்டுப் போவுது நர்சம்மா" என்றாள் தனக்கொடி, காய்ச்சலில். "கால்மாட்டுல நிக்குது. ஒண்ணும் பேசமாட்டேங்குது. என் வெரலையே பாக்குது."

மாத இறுதியில் கதிர்வீச்சு ஆய்வுக்கு அதிகாரி ஒருவர் வந்தார். சுப்பிரமணியன் என்று பெயர். மெலிந்த, அவசரமில்லாத மனிதர். தோளிலிருந்து இறக்கி வைத்த உலோகப் பெட்டி கதிரை உணர்ந்தால் 'டிக்' என்று சொல்லும். ஈயப் பெட்டியைத் திறக்கச் செய்து ஒவ்வோர் ஊசியையும் அதன்முன் காட்டச்சொன்னார். இருபதும் பேசின. பட்டியலில் இருபது. பெட்டி மூடப்பட்டது, கருவி அடங்கி, எப்போதோ ஒருமுறை மட்டும் சொட்டியது.

"எல்லாம் சரியா இருக்கு. அசம்பாவிதம் ஏதாவது உண்டா?"

பெரிய டாக்டர் இல்லையென்று தலையசைத்தார். இரண்டு செவிலியர் தரையைப் பார்த்தார்கள். பிரான்சுவா புத்தகத்தை விரித்து நீட்டி, "ரியேன், முசே" என்றார்.

மாதாகோயிலில் மூவேளைச் செப மணி அடித்தது. பகல் பன்னிரண்டு.

அமிர்தவல்லி, "உண்டு சார்" என்றாள்.

பிரான்சுவா அவள் கையைப் பற்றினார். "ஏம்மா, பொண்ணு மாதிரி சொல்றேன். அதான் இருபதும் இருக்கே! எத வெச்சு நிரூபிப்ப? என்னையும் புடிப்பாங்க, உன்னையும் புடிப்பாங்க. தெனம் கையெழுத்துப் போட்டிருக்கியே!"

"போட்டேன். அதையும் எழுதறேன்."

அதிகாரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் மேசைமேலிருந்த கருவி ஒருமுறை ஒலித்தது.

டிக்.

எல்லாரும் ஈயப் பெட்டியைப் பார்த்தார்கள். பூட்டியிருந்தது.

டிக். டிக்.

அதிகாரி கருவியைத் தூக்கிப் பெட்டிப்பக்கம் நீட்டினார்; ஒலி குறைந்தது. கதவுப்பக்கம் நீட்டினார், குறைந்தது. மேற்குச் சுவரின் சன்னலை நோக்கித் திருப்பியதும் உலைநீர் கொதிப்பதுபோல் பொரிந்தது. அவர் சென்று தாழை நீக்கிக் கதவைத் திறந்தார். வெளியே வெயில். தாழ்வாரத்தில் ஒருவருமில்லை.

"அங்க என்ன இருக்கு?" அவர் குரல் தணிந்திருந்தது.

பிரான்சுவா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அமிர்தவல்லி பேனாவைத் திறந்தாள். அன்றைய தேதியை இட்டாள். பிறகு, ஒன்பது வருடத்து அந்த ஒற்றை வரிக்குக் கீழே, தமிழில் எழுதத் தொடங்கினாள். எழுதப்படிக்கத் தெரியாத வீராயிக்கும் கேட்கவேண்டும் என்று, ஒவ்வொரு சொல்லையும் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"1954 நவம்பரில் ரேடியம் ஊசி ஒன்று தொலைந்தது. கண்டெடுத்தவர் வீராயி. அன்றே திருப்பிக் கொடுக்க வந்தார். நாங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் இறந்தார். அவர் மகள் தனக்கொடிக்கு அதே புண். உடனே சென்னைக்கு அனுப்பவேண்டும்."

ஒலி சன்னலைவிட்டு நகர்ந்து அறைக்குள் வந்தது. அதிகாரியின் கையிலிருந்த கருவி அதைத் தொடர்ந்து தானாகவே திரும்புவதுபோலிருந்தது; சுவரோரம், மேசையோரம், அமிர்தவல்லியின் வலது தோளுக்குப் பின்னால். அங்கே வந்து நின்றது. அவள் கழுத்தில் பினாயில் நெடியோடு ஒரு வெம்மை படர்ந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அடுத்தது சொல்லுங்க" என்றாள்.