ஸ்கேனில் தெரியாத வலி

“யாருங்க லைட்டை அணைச்சது?”

மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் அவள் சிடுசிடுத்தாள். மூலையில் கறுப்புக் கண்ணாடிக்காரன் ஒருவன் கையைத் தூக்கினான்.

“நான்தாங்க... ஒற்றைத் தலைவலி. வெளிச்சம் பட்டா உயிர் போகுது.”

“அதுக்காக எங்களையும் இருட்டுல உட்கார வைப்பீங்களா?”

அவன் கண்ணாடியைக் கழற்றினான். சிவந்து கலங்கிய கண்கள்... ஆனாலும் சிரித்தன. அவள் கோபம் பாதி வழியில் நின்றுபோனது. வெளியே மழை ஜன்னலை அறைந்தது.

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை அவளுக்கு. வருடக்கணக்காய் அலறல்களைக் கேட்டுக் கேட்டு, கழுத்தும் தோளும் கல்லாய் இறுகிவிட்டன. ஸ்கேனில் ஒன்றுமில்லை. “நடிக்கிறா” என்றான் அண்ணன். “வெளிய சொல்லாதடி, எவன் கட்டிப்பான்?” என்றாள் அம்மா.

அன்று டாக்டர் சொன்னார்: “ரொம்ப காலம் பதற்றத்துலயே இருந்தா, நரம்பு சின்னத் தொடுதலைக்கூட ஆபத்துன்னு எடுத்துக்கும். உங்க வலி நிஜம்தாம்மா. மெதுவா குறைக்கலாம்.”

நிஜம்... அந்த ஒரு சொல்லுக்கே வராந்தாவில் நின்று அழுதாள். எதிரே கண்ணாடிக்காரன்!

“பையைக் கொடுங்க... நான் தூக்கறேன்.”

“உங்க பரிதாபம் ஒண்ணும் வேண்டாம்!”

ஆனால் டாக்டர் அனுப்பிய மூச்சுப்பயிற்சி வகுப்பில் வாராவாரம் அவனேதான் பக்கத்துப் பாயில். செய்தி சேனலில் வீடியோ எடிட்டராம்.

“நீங்க காதால கேக்கற விபத்தை நான் கண்ணால வெட்டி ஒட்டறேன்... நல்ல ஜோடி இல்ல?”

“மூச்சை மட்டும் விடுங்க சார்!”

ஒருநாள் கேட்டேவிட்டான். “உங்க வீட்ல வந்து பேசட்டுமா?”

அவள் பாயைச் சுருட்டினாள். தலைவலிக்காரன் என்று இவனை அம்மா விரட்டுவாளோ? நாளைக்கு நான் வலியில் படுத்துவிட்டால் இவனே அலுத்துப்போவானோ? “வேண்டாம்” என்றாள். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும்...

தோள் தீயாய் எரிந்தது. தூக்கமே இல்லை. மூன்றாம் வாரம் சேனல் வாசலில் குடையோடு போய் நின்றாள். வெளியே வந்தவன் திகைத்தான்.

“என் வலி போகும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது” என்றாள் படபடவென்று.

“என் தலைக்கு நான் மட்டும் கேரண்டி கொடுத்தேனா?”

சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கண்ணீரும்.

“அம்மா என்ன சொல்வாங்க?” என்றான் மெதுவாக.

“சொல்லிட்டேன்... வலியையும், உங்களையும். ரெண்டு நாளா என்கூட பேசல. நேத்து ராத்திரி தோளைத் தேய்ச்சுவிட்டு, ‘ரொம்ப வலிக்குதா’ன்னு கேட்டாங்க. முதல் தடவையா...”

அவன் குடையை வாங்கி அவள் பக்கம் சாய்த்தான்.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு” என்றாள் அவள். “பயமாவும் இருக்கு... ஆனா பிடிச்சிருக்கு.”