பெட்டியில் மிஞ்சிய செருப்பு

“சித்தி, யாருமே போகாத எடத்துல நீங்க தொலைஞ்சு போயிட்டா, யாரு வந்து தேடுவாங்க?”

அக்கா மகள் இதைக் கேட்டபோது நான் பயணப் பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் போகும் முதல் பயணம். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள்.

“சித்தப்பா எதுக்கு இருக்காரு? அவரு தேடுவாரு” என்றாள் அக்கா.

“இவளைத் தொலைய விட்டுடுவேனா?” என்று என் கணவர் குழந்தையின் கன்னத்தைத் தட்டினார்.

குழந்தை மட்டும் சிரிக்கவில்லை.

அவருக்குக் கூட்டம் ஆகாது. நாலு பேர் போய்ப் படம் எடுத்துவிட்டால் அந்த இடம் செத்துப்போச்சு என்பார். ஊர் பேர் தெரியாத மூலைகளாகத் தேடிப் போவதுதான் அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அவருடைய முதல் மனைவி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்பது எங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தபோது அவரே அதைச் சொல்லிக் கண் கலங்கினார். அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான் நான் சம்மதித்தேன். துணையில்லாத ஒரு மனிதருக்குத் துணையாக இருப்பதைவிடக் கடவுளுக்குப் பிடித்த காரியம் வேறென்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இந்தப் பயணத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம், ஆறு கடலோடு சேரும் முகத்தில் இருந்த ஒரு மணல் திட்டு. தண்ணீர் வற்றினால் மேலே வரும், ஏறினால் மூழ்கிவிடும். நாங்கள் போன காலையில் பனி மூட்டமாக இருந்தது. படகில் எங்களைத் தவிரப் பறவை பார்க்க வந்த சிலர். குளிருக்கு எல்லாரும் தலையைப் போர்த்தியிருந்தோம்.

படகோட்டி வயதானவர். புறப்படும்போதே ஒரு மரப்பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

“அங்க சேறு செருப்பப் புடிச்சு இழுத்துரும். எறங்கும்போது எல்லாரும் இதுல போட்டுருங்க. ஏறும்போது எடுத்துக்கோங்க. பெட்டி காலியானாத்தான் படகு கெளம்பும். எனக்கு மூஞ்சி ஞாபகம் நிக்காது, செருப்புதான் கணக்கு.”

“அப்ப எங்க வீட்டுக்காரர் செருப்பக் கடைசியா போடச் சொல்லுங்க” என்றார் எதிரே இருந்த பெரியம்மா. “அந்த நாத்தத்துக்குப் பறவையெல்லாம் பறந்துரும்.”

“நீ பேசுற சத்தத்துலயே அதெல்லாம் போயாச்சு” என்றார் வீட்டுக்காரர்.

நானும் சிரித்தேன். அப்போதுதான் படகின் முனையில், ஆணியில் தொங்கிய ஒரு ஜோடியைப் பார்த்தேன். பெண்கள் போடும் நீலச் செருப்பு. உப்பில் ஊறி வெளுத்திருந்தது. ஒன்றில் வார் பிய்ந்து தொங்கியது.

“அது யாரோடது, ஐயா?”

“தெரியலம்மா. சில வருசம் முன்னாடி தண்ணில மெதந்து கரைக்கு வந்துச்சு. செருப்பு வந்துச்சு, ஆளு வரல. யாரும் கேட்டும் வரல. தூக்கிப்போட மனசில்ல.”

எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். யாரோ ஒருத்தி இதைப் பார்த்துப் பார்த்து வாங்கியிருப்பாள். கைப்பையிலிருந்த ஊக்கை எடுத்து, பிய்ந்த வாரைச் சேர்த்துக் குத்தினேன்.

“கண்ட செருப்ப எதுக்குத் தொடுற? வை அத.”

என் கணவர் அந்தக் குரலில் என்னிடம் பேசியதே இல்லை. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் செருப்பைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

திட்டில் இறங்கியதும் படகோட்டி பெட்டியை மணலில் வைத்தார். செருப்புகளைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் நடந்தோம். தனக்கும் இது புது இடம் என்று சொல்லியிருந்த என் கணவர், யாரையும் வழி கேட்காமல், பனிக்குள் நேராக என்னை மறுகோடிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு மேடு. அதற்குப் பின்னால் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.

“இங்க உக்காரு. கண்ண மூடிக்கிட்டு அமைதியைக் கேளு. நான் படம் எடுத்துட்டு வந்து கூப்பிடுறேன். அதுவரைக்கும் தெறக்கக்கூடாது, சரியா?”

“சின்னப் புள்ள மாதிரி” என்று சிரித்தபடி கண்ணை மூடினேன்.

அலை. காற்று. எங்கோ ஒரு பறவை. பிரார்த்தனை செய்யும்போது வருவது போன்ற அமைதி. இந்த மனிதரைக் கொடுத்ததற்கு அப்போது கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

பிறகு ஓர் இயந்திரச் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். சத்தம் தேய்ந்துகொண்டே போனது. மேட்டைத் தாண்டி விழுந்தடித்து ஓடினேன். படகு நின்ற இடத்தில் படகு இல்லை. பெட்டியும் இல்லை. பெட்டி இருந்த சதுரத் தடத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

“ஏங்க!” என்று கத்தினேன். “ஏங்க!”

மறந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது திரும்பி வருவார் என்று நினைத்தேன். அப்புறம்தான் பெட்டி ஞாபகம் வந்தது. அது காலியானால்தானே படகு கிளம்பும்?

என் செருப்பை யார் எடுத்தது?

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. பனிக்குள் திட்டு நாலு பக்கமும் சுருங்குவதைப் பார்க்க முடியவில்லை. ஆனால் கேட்க முடிந்தது. மேட்டுக்கே திரும்பி நடந்தேன். வரும்போது பதிந்த என் தடங்கள் ஈரமணலில் இன்னும் இருந்தன.

அவற்றின் பக்கத்தில் இன்னொரு ஜோடித் தடம்.

சிறிய பாதங்கள். வெறுங்கால். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தடம் பதிந்தது.

ஈரத் துணியை நாள் கணக்கில் மூடி வைத்தது போல ஒரு வாடை அடித்தது. காதருகே மூச்சு. சூடில்லாத மூச்சு.

“கண்ண மூடிக்கச் சொன்னாரா?”

நான் திரும்பவில்லை. திரும்ப உடம்பு மறுத்தது. தலையை மட்டும் அசைத்தேன்.

“எங்கிட்டயும் அதான் சொன்னாரு.”

மணலில் உட்கார்ந்து அழுதேன். பயத்தால் அல்ல. அந்தக் குரலில் கோபமே இல்லை. இன்னும் அவர் வந்து கூப்பிடுவார் என்று காத்திருப்பவளின் குரல் அது.

“எழுந்திரு. உச்சிக்குப் போ. கத்திக்கிட்டே இரு. நான் கத்தல. வருவாருன்னு இருந்துட்டேன்.”

உச்சியில் நின்று கத்தினேன். இடுப்புக்குத் தண்ணீர் வந்த பிறகும் கத்தினேன். என் கையை இன்னொரு கை பிடித்திருந்தது. குளிர்ந்து, தோல் சுருங்கிய கை. ஒவ்வொரு அலைக்கும் அது என்னைச் சாயவிடாமல் இழுத்து நிறுத்தியது. கடவுளை அழைத்தேன். அந்தக் கை விலகவில்லை. அனுப்பியதே கடவுள்தான் என்று அப்போது புரிந்தது.

இயந்திரச் சத்தம் திரும்பி வந்தது. அந்தக் கை என்னை விட்டது.

படகோட்டி என்னைத் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டார்.

“ஒன் வீட்டுக்காரர், நீ தல சுத்தி முன்னாடி படுத்திருக்கேன்னு சொன்னாரும்மா. பெட்டியும் காலிதான். நானே பாத்தேன். கரைக்குப் போயி எல்லாரும் எறங்குனப்புறம் பெட்டியக் கழுவப் பாத்தா... உள்ள ஒரு ஜோடி.”

பெட்டியைக் காட்டினார். நீலச் செருப்பு. வாரில் என் ஊக்கு.

“ஆணில தொங்குனத நான் எடுக்கல” என்றார். “சத்தியமா நான் எடுக்கல.”

என் செருப்பு என் கணவருடைய பையில்தான் இருந்தது. நாங்கள் தங்கியிருந்த விடுதி அறையில் போலீஸார் அதை வெளியே எடுத்தபோது, படகில் நனையாத அந்தப் பையிலிருந்து சேறும் தண்ணீரும் கொட்டிக்கொண்டே இருந்தன என்றார்கள். அவர் அதைப் பார்த்து வாய் விட்டு அலறினாராம். அடுத்த மாதம் கூட்டமில்லாத ஓர் இடத்துக்கு அழைத்துப் போவதாக இன்னொருத்திக்கு அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பெண் இப்போது என்னோடு அவ்வப்போது பேசுகிறாள். நல்ல பெண்.

ஒரு வருடம் கழித்துத் தனியாக அங்கே போனேன். படகோட்டி ஆணியிலிருந்த நீலச் செருப்பை எடுத்து என் கையில் கொடுத்தார். இப்போதெல்லாம் அவர் பெட்டியையும் பார்க்கிறார், ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறார்.

மற்றவர்கள் பறவைகளின் பின்னால் போனதும் மறுகோடிக்கு நடந்தேன். மேட்டடியில் செருப்பைக் கரைப் பக்கம் பார்த்து வைத்தேன்.

“அக்கா, அவர் வரமாட்டார். நான் கூப்பிட வந்திருக்கேன். வாங்க, போலாம்.”

சற்று நின்றுவிட்டுச் செருப்பை எடுத்துவந்து பெட்டியில் என்னுடையதன் பக்கத்தில் போட்டேன். ஏறும்போது இரண்டு ஜோடியையும் எடுத்துக்கொண்டேன். படகில் என் பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை. கரை சேரும்வரை அந்தப் பலகை நனைந்தே இருந்தது.

எல்லாரும் போன பிறகு, படகோட்டி எரிபொருள் வாங்கப் போன நேரத்தில், படகுத்துறையின் காய்ந்த பலகைமேல் நீலச் செருப்பை வைத்துவிட்டுக் கடலைப் பார்த்து நின்றேன். பெண்கள் செருப்பு மாட்டும்போது யாராவது உற்றுப் பார்த்தால் சங்கடமாக இருக்கும்.

திரும்பியபோது செருப்பு இல்லை. ஈரமான செருப்புத் தடங்கள் பலகையைக் கடந்து, படியேறி, மனிதர்கள் நடமாடும் தெருவை நோக்கிப் போயிருந்தன.

செருப்பு இருந்த இடத்தில் என் ஊக்கு மட்டும் இருந்தது. யார் கையையும் குத்திவிடாதபடி, பத்திரமாக மூடி வைக்கப்பட்டிருந்தது.