பேச்சுக்குக் கொடுத்தது

எங்கள் ஊர் தஜ்ரீஷில் எனக்குத் தெரியாத சந்து கிடையாது. இருந்தும் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு முறை சுற்ற வேண்டியிருந்தது. வியாழக்கிழமை மதியம். கதவைத் திறந்தவர் அறுபது வயது வொசூகி அம்மாள். பழைய பனிச்சறுக்குப் பலகை விற்பனைக்கு என்று விளம்பரம் போட்டிருந்தவர் அவர்தான். கூடத்தில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. ஆனாலும் அங்கே குளிர்ந்தது, ஈரக் கம்பளி வாடை வேறு.

பலகை சுவரோரம் சாய்ந்து நின்றது. கறுப்பு. ஒரு கீறல் இல்லை. புதிது வாங்க இப்போது யாரால் முடிகிறது? என் மகள் பர்னியானுக்குப் பதினாறு வயது. இரண்டு குளிர்காலம் வாடகைப் பலகையில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டவள். அவள் அம்மா போன பிறகு, மலையிலிருந்து அவள் திரும்பும் நாட்களில்தான் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அவளை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

"உங்க பையனோடதாம்மா?"

"என் பையன் சியாமக்கோடது. அவனுக்கு இப்ப வேண்டியதில்ல."

"கனடா போயிட்டாரா?" பாதிப் பேருடைய பிள்ளைகள் அங்கேதானே இருக்கிறார்கள்.

"தூரம் தம்பி," என்றார்.

டீ வந்தது. கண்ணாடித் தம்ளர் அழகாக இருக்கிறது என்றேன். "உங்களுக்கே, எடுத்துக்கோங்க," என்றார். "உங்க கையிலேயே இருக்கட்டும்மா," என்றேன். எங்கள் ஆட்கள் அப்படித்தான். ஒன்றைப் புகழ்ந்தால் உடையவர் அதைக் கொடுத்துவிடுவார், புகழ்ந்தவர் உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார். இரண்டுமே வாய் வார்த்தை. பலகைக்கும் இதே கூத்துதான். "பணமா? சும்மா கொண்டு போங்க," என்று மூன்று தடவை மறுத்துவிட்டு நாலாவது தடவை விலை சொன்னார்.

வாசலில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சியாமக்குக்கு இந்தப் பேச்செல்லாம் புரியாது தம்பி. சின்னதுலேர்ந்தே அப்படித்தான். குடுத்தா எடுத்துக்குவான்."

பிள்ளையைப் பிரிந்த தாய், ஏதோ ஏக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

கால் மாட்டும் பட்டைகள், வலது காலை முன்னே வைத்துச் சறுக்குகிறவனுக்காகப் பூட்டப்பட்டிருந்தன. பர்னியானுக்கு இடது கால்தான் முன்னே. அன்று சாயங்காலமே திருப்புளி எடுத்து மாற்றி, கை வலிக்க இறுக்கினேன். காலையில் பார்த்தால் மறுபடியும் வலது.

"ஒரு வேலை சொன்னா ஒழுங்கா செய்ய மாட்டீங்களாப்பா?" என்று கேலி செய்தாள்.

தூக்கக் கலக்கத்தில் தப்பாகப் பூட்டியிருப்பேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு மறுபடி மாற்றினேன்.

அன்று வெள்ளிக்கிழமை, வார விடுமுறை. பனிச்சறுக்குக்கு திஸீன் மலை போனோம். ரோப் கார் பெட்டியில் நாங்கள் இரண்டே பேர். பலகை என் முழங்கால்களுக்கு நடுவில். பர்னியான் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தாள். நடு நிலையத்தில் கதவு திறந்தது. நீல ஜாக்கெட் போட்ட ஒரு பையன் ஏறி எங்கள் எதிரே உட்கார்ந்தான். கையுறை இல்லை. வெளியே பனி பெய்யவில்லை, ஆனால் அவன் தோளில் பனி இருந்தது.

"நல்ல பலகை," என்றான்.

"உங்களுக்கே, எடுத்துக்கோங்க." பழக்கதோஷம்.

உங்க கையிலேயே இருக்கட்டும் என்று அவன் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை.

பலகையின் மேல் கையை வைத்தான். நகமெல்லாம் நீலம்.

அப்புறம் மெல்லத் திரும்பி பர்னியானைப் பார்த்தான்.

"பொண்ணு யாரோடது?"

என் நாக்கில் சனி. பிள்ளையைக் காட்டி யார் கேட்டாலும் எங்களுக்கு ஒரே பதில்தான். மளிகைக்காரரிடம், டீச்சரிடம், அண்டை வீட்டாரிடம் ஆயிரம் தடவை சொன்ன பதில்.

"உங்களோடதுதான்."

"சரி," என்றான்.

குடுத்தா எடுத்துக்குவான். அந்த அம்மாள் சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

"தம்பி, உன் பேரென்ன?"

"யார்கிட்டப்பா பேசுறீங்க?" பர்னியான் திரும்பினாள்.

எதிர் இருக்கை காலி.

மேலே இறங்கியதும் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "இன்னைக்கு வேண்டாம்மா. திரும்பிடலாம். அப்பா சொன்னா கேளு."

"பயமா? இதோ, ஒரே ஒரு தடவை. கீழ நின்னு உங்களுக்காக டீ வாங்கி வைக்கிறேன்." கையை உதறிக்கொண்டு, சிரித்துக்கொண்டே பட்டைகளைப் பூட்டினாள்.

நான் அவள் காலைப் பார்த்தேன்.

வலது கால் முன்னே இருந்தது.

"கழட்டு! கழட்டு அதை!"

அவளும் குனிந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது. அது சமதளம். யாரும் தள்ளவில்லை. பலகை தானாக நகர்ந்தது. பாதையை விட்டு, எல்லைக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து, பள்ளத்தாக்குப் பக்கம் போனது.

"அப்பா!"

ஓடினேன். இடுப்பளவு பனியில் புதைந்தேன். "தரலடா! பேச்சுக்குச் சொன்னேன்! நான் தரல!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

மூடுபனி. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

மூன்று நாள் நாய்களை வைத்துத் தேடினார்கள். பலகைகூடக் கிடைக்கவில்லை. மீட்புக் குழுவில் ஒருவர் என் தோளில் கைவைத்து, "நாலு வருஷம் முன்ன ஒரு பையனும் இதே பள்ளத்துலதான் போனான். பலகை மட்டும் மேல கிடந்துச்சு. அவனை இன்னும் எடுக்க முடியல," என்றார். நான் பெயரைக் கேட்கவில்லை.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த ரோப் காரில் தனியாகப் போகிறேன். பைத்தியம் என்று உறவுக்காரர்கள் பேசுகிறார்கள், பேசட்டும். என் மனசில் ஒரே கணக்கு. நான் வாயால் கொடுத்தேன். அவனும் 'உங்களோடதுதான்' என்று வாயால் கொடுத்துவிட்டால் போதும், வாரி எடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன்.

போன வாரம் நடு நிலையத்தில் கதவு திறந்தது.

இரண்டு பேர் ஏறினார்கள்.

நீல ஜாக்கெட். பக்கத்தில் என் மகள். இமைகளில் பனி உறைந்து கிடந்தது.

அழக்கூடாது, தொடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். முன்பின் தெரியாத மனிதர் கேட்பது போலக் கேட்டேன்.

"அருமையான பொண்ணு. யாரோடது தம்பி?"

அவன் மரியாதையாக, நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தான்.

"எனக்குக் குடுத்தாங்க ஐயா."

பர்னியான் என்னைப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினாள்.