அம்மைப்பால் காயும் வரை

மைசூரில் ஆடிமாதச் சாரல் இருக்கிறதே, அது கொட்டவும் கொட்டாது, விடவும் விடாது. மகாராஜா காலத்திலும் அப்படித்தான். அப்படியொரு காலையில் ஆஸ்பத்திரியின் அம்மை குத்தும் அறைக்குள் முதலில் ஒரு குடை நுழைந்தது... அதன் பின்னால்தான் ஆள் நுழைந்தான். அதுவும் விரித்த குடை, சொட்டச் சொட்ட!

"யாருங்க அது? குடையை மடக்குங்க! என் தட்டெல்லாம் தண்ணி..." நர்ஸ் மெட்டில்டா எழுந்தே விட்டாள்.

"அய்யோ ஆண்டவரே! மன்னிச்சுக்குங்க சிஸ்டர்..." பதறிப்போய் மடக்கினான். மடக்கினவன் சும்மா மடக்கினானா? குடைக்கம்பி அவள் தொப்பியை மாட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மெட்டில்டாவின் கை சட்டென்று கன்னத்துக்குப் போயிற்று. சின்ன வயசில் வந்த பெரியம்மை அந்த முகமெல்லாம் தழும்பாக எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தது. புதிதாகப் பார்க்கிறவர்கள் முதலில் திடுக்கிடுவார்கள், அப்புறம் அவசரமாக வேறெங்கோ பார்ப்பார்கள். இவனும் இப்போது சுவரைப் பார்ப்பான், ஜன்னலைப் பார்ப்பான் என்று காத்திருந்தாள்.

அவன் பார்க்கவில்லை. அவள் கண்ணையே பார்த்தான்... மழையில் நனைந்த திராட்சை மாதிரி இருந்த அந்தக் கண்ணை. பிறகு தொப்பியை எடுத்து, சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினான். அறை முழுக்கச் சந்தன வாசம்.

"கல்யாணத்துக்குப் போயிட்டு வரீங்களா?"

"இல்லீங்க. சந்தன எண்ணெய் ஃபாக்டரியில ராத்திரி ஷிப்ட். நேரா அங்கேர்ந்து வரேன்."

"பேரு?"

"குழந்தைசாமி."

ஆறடி ஆளை அவள் உச்சியிலிருந்து பாதம் வரை அளந்தாள். உதட்டோரம் சிரிப்பு முட்டியது. "குழந்தைக்குப் பயமா இருந்தா கண்ணை மூடிக்கலாம்."

"மூட மாட்டேன். எதிர்ல இவ்வளவு அழகா இருக்கும்போது..." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். "கண்ணைச் சொன்னேன் சிஸ்டர்... உங்க கண்ணை."

அவளுக்குக் காது மடல்வரை சூடேறியது. தோளில் நாலு இடத்தில் கீறி அம்மைப்பாலைத் தடவிவிட்டு, "இது காயற வரைக்கும் துடைக்கக் கூடாது. எட்டாம் நாள் வந்து காட்டணும். கொப்புளம் எழும்பினாத்தான் டாக்டர் சர்ட்டிபிகேட் தருவார்" என்றாள்.

"கண்டிப்பா எழும்பணும் சிஸ்டர். எங்க அக்கா பிலோமினா மலாயா தோட்டத்துல இருக்கா. போன மாசம் மாமா காய்ச்சல்ல போயிட்டார். கைக்குழந்தையோட நிக்கறா. தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம். நான் போய்க் கூட்டிட்டு வரணும். சர்ட்டிபிகேட் இல்லாம நாகப்பட்டினத்துல கப்பல் ஏத்த மாட்டாங்க."

அவன் வெளியே போன கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் ஒரு குரல் கேட்டது. "உள்ளே இருக்கற அம்மா முகத்தைப் பாத்தாப் போதும்பா, அம்மையே பயந்து ஓடிடும்!" கொல்லென்று சிரிப்பு. மெட்டில்டா எட்டிப் பார்த்தாள். சிரிக்கிற கும்பலுக்கு நடுவே குழந்தைசாமியின் முதுகு தெரிந்தது. அதற்கு மேல் பார்க்க அவளுக்கு மனசில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

எட்டாம் நாள் வந்தான். சட்டைக் கையைச் சுருட்டினான். தோள் வழவழவென்று இருந்தது. கொப்புளமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"துடைச்சிட்டீங்க" என்றாள்.

"சத்தியமா இல்லீங்க!"

"இந்த முகம் தொட்டது பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாம். வேற நர்ஸ் குத்தியிருப்பாங்க. நாலு பேரோட நின்னு சிரிச்சது போதாதுன்னு..."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "நான் சிரிச்சேனா? சிஸ்டர், நான்..."

"கையை நீட்டுங்க." அவ்வளவுதான். வாயே திறக்காமல் மறுபடி கீறினாள். ராங்கிக்காரி! ஆனால் கை மட்டும் போன தடவையைவிட மெல்லத்தான் கீறியது. கோபம் அவன்மேல், பரிவு அந்தக் கைக்குழந்தைமேல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்தத் தடவையும் எழும்பாவிட்டால் கப்பல் போய்விடும். அப்புறம் அந்தத் தாயும் பிள்ளையும் எங்கே போய் நிற்பார்கள்?

அவன் போன பிறகு கை கழுவப் போனவள் விரலை முகர்ந்து பார்த்தாள். சந்தனம் இல்லை... நல்லெண்ணெய்! திரிக்கரியின் மணம் கலந்த, கோயில் விளக்கு எண்ணெய். அவன் தோளிலிருந்து வந்தது. அவளுக்குத் திக்கென்றது. 'அட கர்த்தரே! துடைத்தது அவன் இல்லை! தூங்கும்போது வீட்டில் யாரோ துடைத்துவிட்டு எண்ணெய் போடுகிறார்கள்!'

தொப்பியைக்கூடக் கழற்றாமல் சாரலில் ஓடினாள். பதிவேட்டில் இருந்த விலாசப்படி மாதாகோயில் பின்தெருவில் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தால், ராத்திரி ஷிப்ட் பார்த்தவன் படுத்ததும் கட்டையாகத் தூங்கிப் போயிருக்கிறான். பக்கத்தில் அவன் தாய் சவரியம்மாள், ஒரு கையில் துணி, ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணம். கீறின இடம் இன்னும் ஈரம்கூடக் காயவில்லை.

"அம்மா, வேண்டாம்! தொடாதீங்க!"

கிழவி பயந்துபோனாள். "செபஸ்தியார் முன்னால எரியற விளக்கு எண்ணெய் பாப்பா... கொள்ளைநோய்க்கெல்லாம் அவர்தானே காவல். போன தடவையும் இவன் தூங்கறப்ப நல்லாத் துடைச்சு இதைத்தான் போட்டேன். எட்டு நாளும் போட்டேன். என்னமா ஆறிச்சு தெரியுமா!"

மெட்டில்டாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் புண் ஆறக் கூடாதும்மா. பழுக்கணும். பழுத்தாத்தான் பெரியம்மை கிட்ட வராது, கப்பல்லயும் ஏத்துவாங்க. அப்பா முன்னாடியே போயிட்டார். எங்க வீட்ல யாருக்கும் இதைக் குத்தலை. அம்மா, தம்பி, தங்கச்சி... ஒரே வாரத்துல மூணு பேர். என்னை மட்டும் இந்த முகத்தோட விட்டுட்டுப் போச்சு."

சவரியம்மாள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். அந்தத் தழும்பு முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். "என் மகராசி! நீதானா அந்த நர்சம்மா? உன்னை எவனோ கேலி பேசினான்னு அவன் வாயை உடைச்சிட்டு, சட்டையைக் கிழிச்சுக்கிட்டு வந்தானே இவன்... என்னடான்னு கேட்டா, 'அந்தக் கண்ணை நீ பாக்கலைம்மா'ங்கறான்!"

மெட்டில்டா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று மடியில் விழுந்தது. தூங்குகிறவன் புரண்டு கையைத் தரையில் தேய்த்துவிடப் போகிறானே என்று அம்மைப்பால் காயும்வரை அங்கேயே காவல் இருந்தாள். அவன் விழிப்பதற்குள் கிளம்பியும் விட்டாள்.

மறு எட்டாம் நாள் நாலு கொப்புளமும் முத்து முத்தாக எழும்பியிருந்தன. டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். குழந்தைசாமி போகாமல் வாசற்படியிலேயே நின்றான்.

"அம்மா எல்லாம் சொன்னாங்க. நீங்க மட்டும் ஓடி வரலைன்னா... எங்க அக்கா பொழைச்சது உங்களாலதான். எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை சிஸ்டர்."

"நான்தான் மன்னிப்புக் கேக்கணும். முதுகைப் பாத்தே மனுஷனை முடிவு பண்ணிட்டேன்."

"இப்ப முகத்தைப் பாத்து முடிவு பண்ணுங்களேன்..." என்றான் மெதுவாக. தைரியம் அவ்வளவுதான். வியர்த்துக்கொண்டு நின்றான். ஆறடி இருந்து என்ன பிரயோஜனம்?

மெட்டில்டா நிமிர்ந்தாள். கன்னத்துக்குப் போகப் பார்த்த கையை வழியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"எல்லாரையும் கொண்டுபோனவர் என்னை மட்டும் எதுக்கு விட்டுவெச்சார்னு ஆண்டவரோட தினமும் சண்டை போடுவேன். இந்த வாரம் முழுக்கச் சண்டையே போடலை. நன்றி மட்டும்தான் சொல்லிட்டிருக்கேன்" என்றாள். "எனக்குக் கேக்கறதுக்கு அப்பா அம்மா இல்லை. கான்வென்ட்ல மதர்தான் எனக்கு எல்லாம்."

"சரி..." என்றான், ஒன்றும் புரியாமல்.

"என்ன சரி? அக்காவையும் குழந்தையையும் பத்திரமாக் கூட்டிட்டு வாங்க. வந்து, உங்க அம்மாவோட மதர்கிட்டப் போய்ப் பொண்ணு கேளுங்க. நான் சம்மதம்னு இப்பவே சொல்லிட்டேன்."