ஆண் இல்லாத வீட்டில் ஓர் அலறல்

அலறல் கேட்டது.

நத்தர்ஷா பள்ளிவாசல் பக்கத்துச் சந்தில், பட்டப்பகலில், கமர் ஜஹான் வீட்டுக்குள்ளிருந்து...

ஆண் குரல்!

அந்த வீட்டில் ஆண் கிடையாது. கமர் ஜஹான் அறுபது வயதில் கணவனை இழந்தவள். ஒரே மகன் ஹபீபுல்லா மண்ணச்சநல்லூருக்குக் கூப்பிட்டும் போகாமல், தன் வீடு தனக்குப் போதும் என்று தனியாக இருக்கிறாள். பிடிவாதக்காரி. பொம்பளை தனியாக இருந்தால் ஊருக்குத்தான் தூக்கம் வராது!

போதாக்குறைக்கு யுத்த காலம். இரண்டு முறை திருடன் வேறு. அவள் வெளியே போன நேரமாகப் பார்த்து வந்தான். பாத்திரங்களை உருட்டிப் போட்டான். எதையும் எடுக்கவில்லை. சந்தில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இன்னொரு முறை வந்தால் மகனோடு போய்விடுவதாக, ஜமாஅத் பெரியவர்கள் முன்னால் அவள் ஒப்புக்கொண்டிருந்தாள்.

இன்று வந்துவிட்டான்!

பக்கத்து வீட்டு சுராயா ஓடி வந்தாள். அவளை விட்டே ஏட்டு இருதயநாதனை அழைத்து வரச் சொன்னாள் கமர் ஜஹான்.

ஏட்டு வந்தபோது சாமான் அறைக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே முனகல்.

"பர்தா போட்டுக்கிட்டு வந்துச்சுங்க. நான் இன்னிக்கி வெளிய போகாம சோறு வடிச்சுக்கிட்டு இருந்தேன். ஆம்பளை இல்லாத வீடும்மா, முகத்திரைய எடுங்கன்னேன். எடுக்கல."

"அதனால?"

"எங்க பொம்பளைங்க உள்ள வந்ததும் மொதல்ல அதத்தான் எடுப்பாங்க. கஞ்சிய கால்ல ஊத்திட்டேன். துள்ளி அந்த ரூமுக்குள்ள ஓடிச்சு."

ஏட்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். பர்தாவை விலக்கினார்.

ஹபீபுல்லா!

சுராயா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெத்தவளத் தனியா விட்டுட்டான்னு ஊரே பேசுதும்மா... பயந்தாவது வருவீங்கன்னு..." அழுதான்.

கமர் ஜஹான் அதிரவில்லை. பெற்றவளுக்கு அலறிய குரல் தெரியாதா? தெரிந்துதான் தாழ்ப்பாளைப் போட்டாள். தெரிந்துதான் ஏட்டுக்கும் ஆள் அனுப்பினாள். நெஞ்சு வெந்துபோயிருந்தது. ஆனாலும் தரையில் உட்கார்ந்து, அவன் காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள்.

ஏட்டு தொண்டையைச் செருமினார். கேஸ் எல்லாம் வேண்டாம் என்றார். பிறகு புத்தி சொன்னார்.

"யுத்த காலம்மா. வீட்டுல ஒரு ஆம்பளை இருந்தா நல்லதுதானே?"

எண்ணெய்க் கையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டுக்குள்ள ஆம்பளை வந்ததாலதான் ஏட்டய்யா, உங்களையே கூப்பிட வேண்டியதாப் போச்சு."