எண்பது கிலோமீட்டர்

"பஞ்சர் ஒட்ட முடியாதுன்னா முடியாதுங்க," என்றார் டயர்கடைக்காரர். "டயரோட பக்கச்சுவர் உள்ளயே அரைஞ்சு தூளாக் கிடக்கு."

"காத்தே இல்லாம எண்பது கிலோமீட்டர் ஓடும்னு சொல்லித்தானய்யா வித்தான்?"

"ஓடும். நீங்க எவ்வளவு ஓட்டினீங்க?"

கணவன் டயரைக் காலால் எத்தினான்.

"நூத்திப்பத்து கிலோமீட்டர்," என்றாள் மனைவி. "காத்து இறங்கிடுச்சுன்னு விளக்கு எரியுது, நிறுத்துங்கன்னேன். காதுல வாங்கினாத்தானே!"

"நீ சும்மா இரு."

டயர்கடைக்காரர் வேனின் பின்கதவைத் திறந்து, தரைப்பலகையைத் தூக்கினார். ஸ்டெப்னி இருக்கவேண்டிய குழி காலி.

"இந்த டயருக்கு ஸ்டெப்னி தர மாட்டாங்க," என்றான் கணவன்.

குழியிலிருந்து ஆற்றுச்சேற்றின் வாடை எழுந்தது. கடைக்காரர் சட்டென்று பலகையை மூடினார்.

ஆறு வயது மகள் அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். கடைசி சீட்டுக்கு அடியில் யாரோ தட்டுவதாக வழியெல்லாம் அழுதவள். 'இந்த டயர் கட்டை மாதிரி, அப்படித்தான் சத்தம் போடும்' என்று அப்பா அதட்டியிருந்தான்.

"விளக்கு எங்க எரிஞ்சுது?"

"இடிஞ்ச பாலத்துகிட்ட."

கடைக்காரர் கை துடைப்பதை நிறுத்தினார்.

"அங்க எந்த வண்டிக்கும் காத்து இறங்கும். நின்னுதான் ஆகணும். ஒரு குழந்தை வந்து தண்ணி கேக்கும். குடுத்தா குடிச்சிட்டுப் போயிடும்." குரல் இறங்கியது. "நிக்காம வந்தவங்களை இப்பத்தான் பாக்குறேன்."

"புது டயர் தலையில கட்ட பேய்க்கதையா?"

மனைவி தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். காலி. மற்ற இரண்டும் காலி. மூடிகளின் முத்திரை பிரியவே இல்லை.

அவள் மகளின் உதட்டைத் தொட்டாள்.

காய்ந்த காகிதம்போல் வெடித்திருந்தது.

"அண்ணே, தண்ணி! சீக்கிரம்!"

பஞ்சர் பார்க்கும் தொட்டிக்கு ஓடினார் அவர். காலையில்தான் நிரப்பியிருந்தார். அடியில் ஈரம்கூட இல்லை. காய்ந்த அழுக்கில் சின்னச் சின்ன விரல்தடங்கள்.

டக்.

கணவன் வேனிலிருந்து பின்வாங்கினான்.

டக். டக்.

மகளின் வாய் மூடியே இருந்தது. வேனின் ஸ்டெப்னிக் குழிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"அம்மா, இன்னும் கொஞ்சம் தண்ணி குடும்மா."